சான்றிதழ் இருந்தும் கல்லூரி இன்டர்னலில் கூடுதல் நேரம் தரவில்லை: யாரிடம், எப்படிக் கேட்பது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பார்வைக் குறைபாடு 50 சதவீதம். அரசு மருத்துவக் குழு கொடுத்த சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையும் கையில் இருக்கின்றன. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. இப்போது அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரியில் பி.காம். முதலாண்டு. முதல் இன்டர்னலில் கூடுதல் நேரம் கேட்டபோது, "அதெல்லாம் செமஸ்டருக்குத்தாம்மா, அப்போ பார்த்துக்கலாம்" என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். யாரிடம் போவது, இது தானாகக் கிடைக்காதா, வற்புறுத்தினால் ஆசிரியர்கள் மனசில் வைத்துக்கொள்வார்களா என்பவை உங்கள் கேள்விகள். இவற்றுக்கு அடியில், நீங்கள் கேட்காமல் கேட்டது ஒன்றும் இருக்கிறது: இது எனக்கு உரியதா, அவர்கள் மனமிரங்கித் தரவேண்டியதா? உரியது. அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

நான் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறேன். அங்கே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பிரிவைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். வக்கீல் இல்லை, கண் மருத்துவரும் இல்லை. சட்டத்தில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியும், கல்லூரிக்குள் நடப்பதைப் பார்த்தபடியும் சொல்கிறேன். இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது.

உறுதியானவற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்பது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவு அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களோடு அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களையும் சேர்த்தே பேசுகிறது. அதனால் உங்கள் கல்லூரி மட்டுமல்ல, ஒரு ரூபாய்கூட அரசிடம் வாங்காத சுயநிதிக் கல்லூரியும் அதற்குள் வரும். 17-ஆம் பிரிவில் தேர்வுமுறையை மாணவரின் தேவைக்கு ஏற்ப மாற்றுவது பற்றிச் சொல்லும்போது, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். இதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை 2018 ஆகஸ்ட் 29 அன்று வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பிறகு அது திருத்தப்பட்டிருக்கலாம், இப்போது நடைமுறையில் உள்ளதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சொல்வதை எழுதுபவரை, அதாவது ஸ்கிரைபை வைத்து எழுதுகிறவருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈட்டு நேரம், அதாவது ஈடுகட்டும் கூடுதல் நேரம். ஸ்கிரைப் இல்லாமல் தானே எழுதுகிறவர், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவராக இருந்தால், மூன்று மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம். நீங்கள் இந்த இரண்டாவது வகையில் தெளிவாக வருகிறீர்கள்.

துறைத்தலைவர் சொன்ன "செமஸ்டருக்குத்தான்" என்ற பேச்சுக்கு அதே நெறிமுறையில் ஒரு பதில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தேர்வாக இருந்தால் அந்த விகிதப்படி நேரம் தரவேண்டும், அது ஐந்து நிமிடத்துக்குக் குறையக்கூடாது, ஐந்தின் மடங்காக இருக்கவேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. மூன்று மணி நேரப் பெருந்தேர்வை மட்டும் மனத்தில் வைத்தவர்கள் இப்படி ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள். உங்கள் ஒன்றரை மணி நேர இன்டர்னலுக்கு அந்த விகிதத்தில் அரை மணி நேரம் வருகிறது. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டியது, "கல்லூரி உள்மதிப்பீட்டுத் தேர்வு" என்ற சொற்கள் அந்த ஆவணத்தில் இல்லை. "இது எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று ஒரு நிர்வாகம் வாதாடிப் பார்க்கலாம். என் கருத்தில் அந்த வாதம் நிற்காது. சட்டத்தின் 17-ஆம் பிரிவு "தேர்வுமுறை" என்று பொதுவாகவே சொல்கிறது. மேலும், பல கலை அறிவியல் கல்லூரிகளில் 100 மதிப்பெண்ணில் 25 உள்மதிப்பீட்டிலிருந்து வருகிறது, தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவற்றில் அதற்கு மேலும் வருகிறது. மதிப்பெண் பட்டியலில் சேரும் தேர்வைத் தேர்வே இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, உரிமை இருக்கிறதே, ஏன் தானாக வரவில்லை? பள்ளியில் உங்களுக்குத் தெரியாமலே பல வேலைகள் நடந்தன. தலைமையாசிரியர் உங்கள் சான்றுகளை இணைத்து விண்ணப்பம் அனுப்பினார், அரசுத் தேர்வுகள் துறையிலிருந்து ஆணை வந்தது, தேர்வு மையத்துக்கு நகல் போனது. அந்த ஆணை அந்தத் தேர்வோடு முடிந்துவிட்டது. கல்லூரிச் சேர்க்கையின்போது மாற்றுத்திறனாளி என்று நீங்கள் குறித்த கட்டம் சேர்க்கைப் பிரிவின் கோப்பில் இருக்கும். தேர்வுப் பிரிவுக்கு அது தெரியாது. உங்களுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கும் தெரியாது. கல்லூரியில் இதைத் தொடங்கிவைக்க வேண்டியவர் நீங்கள்தான். அது நியாயமா என்றால், இல்லை. சேர்க்கை முடிந்த வாரமே கல்லூரி உங்களைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கிற கல்லூரிகளும் உண்டு. உங்கள் கல்லூரி கேட்கவில்லை என்பதால், இந்த வாரமே நீங்கள் தொடங்குங்கள்.

வாய்ப்பேச்சாகக் கேட்பதை நிறுத்திவிட்டு எழுத்தில் கொடுங்கள். பெறுநர் முதல்வர். நகல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் துறைத்தலைவருக்கும். தேர்வைத் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி என்பதால் கட்டுப்பாட்டு அலுவலர் உங்கள் வளாகத்திலேயே இருப்பார், அது உங்களுக்கு வசதி. தன்னாட்சி இல்லாத கல்லூரியில் படிப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் செமஸ்டர் தேர்வுக்கான அனுமதி பல்கலைக்கழகத்திலிருந்து வரவேண்டும், முதல்வர் வழியாக அனுப்பவேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், பருவம் தொடங்கியதுமே கொடுத்துவிடுங்கள். கடிதத்தின் இன்னொரு நகலில் அலுவலகத்தில் தேதியோடு "பெறப்பட்டது" முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவோ சமவாய்ப்புப் பிரிவோ இருந்தால் அந்தப் பொறுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். சில இடங்களில் அந்தப் பிரிவு அறிவிப்புப் பலகையில் மட்டும்தான் இருக்கும். அப்படியிருந்தாலும் பெயர் போட்ட ஆசிரியர் ஒருவர் இருப்பார், அவர் கையெழுத்து உதவும்.

கடிதத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் பெரும்பாலான மாணவர்கள் தடுமாறுகிறார்கள். நோயின் பெயரையும் பட்ட கஷ்டத்தையும் ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு, கடைசியில் "ஆகவே தக்க உதவி செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்று முடித்துவிடுவார்கள். படிக்கிற முதல்வருக்கு இரக்கம் வரும், எதற்கு ஆணை போடுவது என்று தெரியாது. உங்களால் என்ன முடிகிறது, எது எவ்வளவு நேரம் எடுக்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். உதாரணமாக: "வழக்கமான அளவில் அச்சிட்ட வினாத்தாளை உருப்பெருக்கியால் மட்டுமே என்னால் படிக்க முடிகிறது. கணக்குப் பதிவியலில் எண்களைக் கட்டம் மாறாமல் எழுதக் கூடுதல் நேரம் ஆகிறது. எனவே எல்லா உள்தேர்வுகளுக்கும் பருவத் தேர்வுகளுக்கும், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் என்ற விகிதத்தில் ஈட்டு நேரமும், 18 புள்ளி எழுத்தில் அச்சிட்ட வினாத்தாளும், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் நேராக விழாத இருக்கையும் வழங்க ஆணையிடக் கோருகிறேன்." இவ்வளவு போதும். மருத்துவ விவரம் சான்றிதழில் இருக்கிறது. அதை வகுப்பில் யாரிடமும் விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பெரிய எழுத்து வினாத்தாள் பற்றி ஒரு எச்சரிக்கை. "பெரிதாக்கித் தருகிறோம்" என்று சொல்லிவிட்டு, வழக்கமான தாளை ஏ3 அளவில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் எழுத்தின் ஓரம் மங்கிவிடும். தமிழில் முழு என்பதில் மு எது, ழு எது என்று தெரியாது, மேசையில் விரித்து வைக்கவும் இடம் இருக்காது. மூலக் கோப்பிலேயே எழுத்தளவைக் கூட்டி அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள், கணினியில் அது சில நிமிட வேலை. இருப்புநிலைக் குறிப்பு போன்ற அட்டவணைகள் பெரிதாக்கும்போது அடுத்த பக்கத்துக்கு உடைந்து போகும், அதை மட்டும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். விடைத்தாளின் கோடு தெரியவில்லை என்றால் கோட்டை அழுத்தமாக அச்சிட்ட தாளும், தடித்த கறுப்பு மை பேனாவுக்கு அனுமதியும் கேட்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. "அளவுக்கு மீறிய சுமை" இருந்தால் மட்டுமே நிறுவனம் மறுக்க முடியும் என்று சட்டம் சொல்கிறது, ஒரு பேனாவும் சில தாள்களும் யாருக்கும் சுமை ஆகாது.

ஸ்கிரைப் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் உங்கள் வகைக் குறைபாடு உள்ளவர்கள் கடைசி நேரத்தில் சிக்கிக்கொள்ளும் இடம் இது. 2018 நெறிமுறையில் முழுப் பார்வையின்மை, இரண்டு கைகளும் பாதிக்கப்பட்ட இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகியவை உள்ளவர்கள் விரும்பினால் ஸ்கிரைப் கொடுத்தே ஆகவேண்டும். குறைபார்வை அந்தப் பட்டியலில் இல்லை. உங்களைப் போன்றவர்கள், எழுதுவதில் உடல்ரீதியான தடை இருக்கிறது, ஸ்கிரைப் தேவை என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அலுவலரிடமோ சிவில் சர்ஜனிடமோ மருத்துவக் கண்காணிப்பாளரிடமோ தனிச் சான்று வாங்கவேண்டும். அதற்கென்று ஒரு படிவம் நெறிமுறையின் பின்னிணைப்பில் இருக்கிறது. யு.டி.ஐ.டி. அட்டையை மட்டும் நீட்டினால் போதாது என்று ஹால் டிக்கெட் வாங்கும் நாளில் தெரிந்துகொண்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாலையில் கண் அதிகமாகச் சோர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்தமுறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் படிவத்தையும் எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வையுங்கள். பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் பிறகு உங்கள் விருப்பம்.

ஸ்கிரைப் வைத்து எழுதுவதாக முடிவு செய்தால் கணக்குத் தாளை மட்டும் தனியாக யோசியுங்கள். ஸ்கிரைபின் படிப்பு உங்கள் படிப்பைவிடக் குறைவாக இருக்கவேண்டும் என்பது விதி. எவ்வளவு குறைவு என்பது பற்றிய வரி அவ்வப்போது திருத்தப்படுகிறது, அந்தப் பருவத்துக்கான சுற்றறிக்கையைத் தேர்வுப் பிரிவில் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆக, உங்களுக்கு எழுத வருகிறவர் பேரேட்டைப் பார்த்தே இருக்கமாட்டார். "பற்றுப் பக்கம், மூன்றாவது வரி, தொகைக் கட்டத்தில் பன்னிரண்டாயிரம்" என்று வாயால் கட்டம் போட்டுச் சொல்ல உங்களுக்குப் பழக்கம் வேண்டும். கட்டுரை வடிவில் பதில் எழுதும் தாளுக்கு இந்தப் பயிற்சி குறைவாகப் போதும், கணக்குக்கு நிறைய வேண்டும். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே ஸ்கிரைபைச் சந்திக்க அனுமதி உண்டு, அந்த உரிமையை விட்டுவிடாதீர்கள். பாடத்துக்கு ஒருவர் என்று வேறு வேறு ஸ்கிரைபை வைத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது.

ஆணை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் கடிகாரத்தோடு ஒரு போராட்டம் இருக்கும். இன்டர்னல் முடிந்ததும் அடுத்த வகுப்பு தொடங்கிவிடும், அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் அந்தப் பாடம் போகும். செமஸ்டரில் காலை 10 மணித் தேர்வு மற்றவர்களுக்கு 1 மணிக்கு முடியும், உங்களுக்கு 2 மணிக்கு. பிற்பகல் தேர்வு 2 மணிக்குத் தொடங்கும் என்றால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், கண்காணிப்பாளர் சாப்பிடப் போகவேண்டும் என்பார், நீங்களும் பசியோடு எழுதிக்கொண்டிருப்பீர்கள். இதனாலேயே நேரம் இருந்தும் பாதியில் எழுந்து வந்துவிடும் மாணவர்கள் அதிகம். எனவே கடிதத்திலேயே தனி அறையும், முடிந்தால் மற்றவர்களுக்கு முன்பே தொடங்கும் ஏற்பாடும் கேளுங்கள். வினாத்தாள் வெளியே போய்விடும் என்ற அச்சத்தில் முன்கூட்டித் தொடங்க மறுக்கும் கல்லூரிகள் உண்டு, அது அவர்களுடைய நியாயமான கவலைதான். அப்போது தனி அறையும் கண்காணிப்பாளர் மாற்றமும் கேளுங்கள். ஆணையின் நகலைத் தேர்வறைக்கு எடுத்துப் போங்கள். அன்று கண்காணிக்க வருகிறவர் வேறு துறைக்காரராக இருப்பார், அவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆசிரியர்கள் மனசில் வைத்துக்கொள்வார்களா? சிலர் வைத்துக்கொள்வார்கள். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் இந்தப் பிரிவில் உட்கார்ந்து நான் பார்த்த மறுப்புகளில் பெரும்பாலானவை வெறுப்பால் வந்தவை இல்லை, பயத்தால் வந்தவை. "நான் பாட்டுக்கு நேரம் கொடுத்துவிட்டு, நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால்?" என்ற பயம். மற்ற மாணவர்கள் முணுமுணுப்பார்கள் என்ற தயக்கம். முதல்வர் கையெழுத்திட்ட ஒரு தாள் கைக்கு வந்ததும் அதே ஆசிரியர் முகம் மலர்ந்து நேரம் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் துறைத்தலைவரும் அப்படிப்பட்டவராக இருக்கக்கூடும். கடிதம் கொடுக்கும் முன் அவரைப் போய்ப் பார்த்து, "சார், உங்களுக்கும் ஆவணம் இருக்கட்டும் என்று முதல்வருக்கு எழுதியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நகலை அவர் கையில் கொடுங்கள். தலைக்கு மேல் போய்விட்டாள் என்ற மனத்தாங்கல் அங்கேயே தீரும்.

இனி உறுதி சொல்ல முடியாதவை. ஆசிரியர்கள் பாடக்குறிப்பை முன்கூட்டியே கோப்பாகத் தரவேண்டுமா, வகுப்பை ஒலிப்பதிவு செய்யலாமா, மருத்துவமனைக்குப் போன நாட்களுக்கு வருகைப்பதிவில் விலக்கு உண்டா என்பவற்றுக்குச் சட்டத்தில் கூடுதல் நேரத்தைப் போல் பெயர் சொல்லிய வரி கிடையாது. தனிநபர் தேவைக்கேற்ற வசதி என்ற பொதுக் கடமைக்குள் இவற்றைக் கேட்கலாம், கிடைப்பது கல்லூரியைப் பொறுத்தது. கேட்பதை ஒரே கடிதத்தில் கலக்காமல், உறுதியானவற்றை முதலில் வாங்கிவிட்டு இவற்றைத் தனியாகக் கேட்பது நல்லது என்பது என் அனுபவம். பாடநூல்கள் விஷயத்தில் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் படிப்புக்காக நூலை ஸ்கேன் செய்து வாசிக்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளக் காப்புரிமைச் சட்டமே 2012 திருத்தத்தில் இடம் கொடுத்திருக்கிறது. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் (கணினித் திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) இலவசம், தமிழையும் வாசிக்கும். அச்சுநூலைப் படிக்க முடியாதவர்களுக்கான சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். கண் ஓரளவு தெரியும்போதே காதால் படிக்கப் பழகிக்கொண்டால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். எவ்வளவு ஓய்வு தேவை என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

எழுதிக் கொடுத்தும் இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் நினைவூட்டல் கடிதம் ஒன்று கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் போங்கள். அவர் கல்லூரிக்குச் செய்யும் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே பல விவகாரங்கள் முடிந்திருக்கின்றன. அதற்கு மேலே சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி அவர் விசாரிக்கலாம், அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அமைப்பு மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்கவேண்டும். மூன்று மாதம் என்றால் ஒரு செமஸ்டரே போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நீதிமன்றம் வரை போகவேண்டிய நிலை வந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு 40 சதவீதத்துக்குக் கீழே சான்று இருக்கலாம். உங்களுக்கு ஒன்றுமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கை எழுத முடியாமல் இறுகிப்போகும் குறைபாடு உள்ள ஒரு தேர்வரின் வழக்கில், விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி., உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று, ஸ்கிரைப் வசதியை 40 சதவீத வரம்போடு கட்டிப்போட முடியாது என்று தீர்ப்பளித்தது. அதையொட்டி, 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தும் எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கான நெறிமுறை 2022 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. அதற்கும் எழுதுவதில் உள்ள சிரமத்தைக் காட்டும் மருத்துவச் சான்று தனியாக வேண்டும்.

கடைசியாக, ஏற்கெனவே எழுதி முடித்த முதல் இன்டர்னல். அதற்கு மறுதேர்வு கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் தேர்வுக்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள், மறுத்தது அவர்கள். ஆனால் மறுதேர்வு தந்தே ஆகவேண்டும் என்ற விதி எதையும் என்னால் காட்ட முடியாது. கடிதத்தின் கடைசிப் பத்தியில், கேட்ட தேதியையும் துறைத்தலைவர் சொன்ன பதிலையும் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் குறிப்பிட்டு, மறுதேர்வு வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். சில கல்லூரிகளில் மூன்று இன்டர்னலில் நல்ல இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கல்லூரியிலும் அப்படித்தான் என்றால், மறுதேர்வுக்காக மல்லுக்கட்ட வேண்டாம், இரண்டாவது இன்டர்னலுக்கு முன் ஆணை கைக்கு வருவதில் முழுக் கவனத்தையும் வையுங்கள்.